மிதமான குளிர் யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு, புவியியல் பிரிவு)

மத்திய தரைக்கடற் பகுதியில் கோடை வறண்டிருக்கும். குளிர்காலம் மழையுடன் மிதமாக இருக்கும். இந்த ஒரு செய்தியை மனப்பாடம் செய்யாமல் தேர்வு மண்டபத்துக்குள் அடியெடுத்து வைத்த புவியியல் மாணவர் எவரும் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இதுவே தலை. மேலைக்காற்று, உயரழுத்த மண்டலம், ஆலிவ், திராட்சை ஆகியவை உடல். எழுதி முடித்துத் தாளைக் கட்டிக் கொடுத்ததும் மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் அதில் மறக்கக் கூடாத சொல் ஒன்று உண்டு. ‘மிதமாக’ என்பதே அச்சொல். யாருக்கு மிதம்? வந்து போகிறவனுக்கா, அங்கேயே வாழ்கிறவனுக்கா? வெளியில் நிற்கும்போதா, வீட்டுக்குள் படுத்திருக்கும்போதா?

தென் ஐரோப்பாவில் குளிர்கால விடுமுறைக்கு ஏற்ற ஊர் எது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதைக் கேட்டதும், “கல்விச் சுற்றுலாவுக்குக் கட்டணம் கட்டவே தவணை கேட்கும் நமக்கு ஐரோப்பா எதற்கு?” என்று வகுப்புத் தோழர்கள் நகைத்தார்கள். நகைக்கட்டும். எனக்கு இது ஏட்டுப் பொருளாக வரவில்லை. வீட்டுப் பொருளாக வந்தது. என் அண்ணன் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறார். வரும் டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் அவரிடம் செல்கிறார்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரம் வரைதான் அவருக்கு விடுப்பு. அந்த நாட்களில் ஹாம்பர்க்கில் பகல் ஏழரை மணி நேரமே. அதிலும் கதிரவன் முகம் காட்டும் நாள் குறைவு. அம்மாவுக்கு மூட்டுவலியும் மார்புச் சளியும் நெடுநாள் தோழிகள். ஆகவே தெற்கே பத்து நாள் அழைத்துச் செல்ல எண்ணி, நீஸ், ஏதென்ஸ், வலெட்டா, மாலகா, அலிகாந்தே, ஃபுன்ஷால் என ஆறு ஊர்களின் ஜனவரி வெப்பநிலையைப் பட்டியலிட்டுக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். “புவியியல் படிக்கிறாயே, எது நல்ல ஊர் என்று சொல்” என்பது அவர் கட்டளை.

பட்டியல் தவறன்று. ஜனவரியில் பகல் நேர வெப்பம் நீஸிலும் ஏதென்ஸிலும் ஏறத்தாழ 13 டிகிரி. மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் 16. ஸ்பெயினின் மாலகாவிலும் அலிகாந்தேயிலும் 17. மதேராத் தீவின் ஃபுன்ஷாலில் 20. பெரிய எண் எதுவோ அதுவே நல்ல ஊர் என்றால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் கொடைக்கானலின் ஜனவரிப் பகலும் ஏறத்தாழ இதே 17 டிகிரிதான்! ஹாம்பர்க்கில் ஒரு டிகிரியில் உறைந்து வந்தவனுக்கு அலிகாந்தே இளவேனில். நம் ஊர் அம்மாவுக்கோ அது கம்பளி தேடும் காலம். எண் ஒன்று, உடல் இரண்டு. இங்கேயே ‘மிதம்’ என்ற சொல் ஆட்டம் காணத் தொடங்குகிறது.

அது ஆட்டம் கண்ட வரலாறு பழையது. ரிவியேராக் கடற்கரையில் கோடைக்காலத்தில் சென்று வெயிலில் கிடப்பது 1920-களுக்குப் பின் பரவிய வழக்கம். அதற்கு முன் செல்வர் அங்குச் சென்றது குளிர்காலத்தில்தான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் மருத்துவருமான டோபியாஸ் ஸ்மாலெட் 1763-இல் நீஸ் நகருக்குச் சென்று 1765 வரை தங்கி, அன்றாட வானிலையைக் குறித்து வைத்து, 1766-இல் தம் பயண நூலுடன் வெளியிட்டார். அவரைப் பின்பற்றி ஆங்கிலேயர் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். 1820-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் குளிர் கடுமையாகிப் பிழைப்பிழந்த ஏழைகள் நீஸ் நகருக்குள் திரண்டபோது, அங்குக் குளிர்காலம் கழித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் பணம் திரட்டி, அவ்வேழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக நடைபாதை ஒன்றை அமைத்தனர். அதுவே இன்று ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’ எனப் பெயர் பெற்று நிற்கிறது. ஊரார் பிழைப்பைப் பறித்த அதே குளிர், வந்தவர்க்கு உலாவ ஏற்ற குளிராக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறி உதகையை உருவாக்கிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு அஞ்சி இங்கே மலை ஏறிய இனமே குளிருக்கு அஞ்சி அங்கே கடற்கரை இறங்கியது. 2021-இல் யுனெஸ்கோ நீஸ் நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதும் ‘ரிவியேராவின் குளிர்கால உறைவிட நகரம்’ என்ற பெயரிலேயே அறிவித்தது.

அந்நாளில் தெற்கே சென்றவர்களில் காச நோயாளர் மிகப் பலர். மருந்தில்லாத நோய்க்குத் தட்பவெப்பமே மருந்து என்று மருத்துவர்கள் நம்பினர். போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பன் அவ்வாறு சென்றவர். 1838 நவம்பரில் அவரும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் அம்மையாரின் இரு குழந்தைகளும் மயோர்க்காத் தீவில் இறங்கினர். முதல் சில நாட்கள் நல்ல வெயில். ஷோப்பன் மகிழ்ந்து போனார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் எடுத்த வீடு கோடைக்கென்றே கட்டிய வீடு. சுவர்கள் நீரை உறிஞ்சின. கணப்புச் சட்டியை மூட்டினால் புகை நெஞ்சை அடைத்தது. இருமல் முற்றியது. நோயை அஞ்சி வீட்டுக்காரர் வெளியேறச் சொல்ல, வால்டெமோசா என்னும் மலையூரின் பழைய துறவியர் மடத்தில் அறைகள் எடுத்துத் தங்கினர். 1839 பிப்ரவரியில் முன்னிலும் நோயாளியாக ஷோப்பன் தீவை விட்டுக் கிளம்பினார். அம்மையார் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எழுதிய நூல் தீவு மக்களைக் கடுமையாகத் தூற்றுகிறது. அதே தீவு இன்று அதே நூலை விற்கிறது என்பது வேறு செய்தி! என் நோக்கில் மயோர்க்கா மக்கள் மீது குற்றமில்லை. குற்றம் பட்டியலை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்த அறிவுரையின் மீதே. வெப்பநிலை சரியாகத்தான் இருந்தது. வீடு சரியாக இல்லை; மழை மாதம் சரியாக இல்லை.

மழையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். இந்தியாவின் பெரும்பகுதி கோடைப் பருவ மழையை நம்பியிருக்க, நம் கடற்கரை குளிர்காலத் தொடக்கத்தில் மழை பெறுகிறது. தென் ஐரோப்பாவும் அவ்வாறே. காரணம் மட்டும் வேறு. கோடையில் அப்பகுதியை மூடியிருக்கும் உயரழுத்த மண்டலம் குளிர்காலத்தில் தெற்கே நகர்ந்துவிட, மேலைக்காற்று அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைகிறது. இலையுதிர் காலத்தில் இதனினும் கொடியது ஒன்று நேர்வதுண்டு. கோடை முழுதும் காய்ந்த கடல் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அதன் மேல் உயரத்தில் குளிர்காற்றுத் திரள் ஒன்று வந்து சிக்கிக்கொண்டால், ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் அவ்வாறு கொட்டி 220-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆதலால் ‘கூட்டம் குறைவு, கட்டணம் குறைவு’ என்று அக்டோபர், நவம்பரில் செல்லச் சொல்லும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை.

மேற்கிலிருந்து வரும் மழையை மேற்கே நிற்கும் மலைகள் வாங்கிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் மலை மறைக்கும் கோவையில் மழை குறைவதற்கும், ஸ்பெயினின் தென்கிழக்குக் கரை காய்ந்து கிடப்பதற்கும் விதி ஒன்றே. அல்மேரியா அருகிலுள்ள காத்தா முனையில் ஆண்டு முழுதும் பெய்வது ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். அலிகாந்தேயில் ஏறத்தாழ 300. கிரேக்கத்திலும் அப்படியே: மேற்கே கோர்ஃபூத் தீவில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும்போது கிழக்கே ஏதென்ஸில் அதில் பாதிகூட இல்லை. நாட்டின் பெயரைப் பார்க்காதீர்கள், மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள் என்பதே நான் அண்ணனுக்குச் சொன்ன முதற் செய்தி.

‘தெற்கே போனால் சூடு’ என்பதும் அரைகுறை உண்மையே. அலிகாந்தேயைவிடத் தெற்கே உள்ளது கிரானடா. ஆனால் அது ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், 3,479 மீட்டர் சிகரத்தைத் தாங்கிய சியரா நெவாடாவின் மடியில் கிடப்பதால், ஜனவரி இரவுகளில் நீர் உறையும் நிலையைத் தொட்டுவிடும். அல்ஹாம்பிரா அரண்மனையை அம்மா பார்க்க வேண்டும் என்று அப்பா விரும்பினார். பகலில் சென்று பகலிலேயே திரும்பலாம் என்றால் சரி, தங்குவதை நான் எதிர்த்தேன். மாட்ரிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 ஜனவரியில் ஃபிலோமினா என்னும் புயல் அந்நகரை அரை மீட்டர்ப் பனியில் புதைத்தது. 2022 ஜனவரி 24-இல் ஏதென்ஸில் பனி பெய்து ஆயிரக்கணக்கான வண்டிகள் நெடுஞ்சாலையில் சிக்கி நின்றன. நீஸ் நகருக்கு மேற்கே ரோன் பள்ளத்தாக்கு வழியே பாயும் மிஸ்திரால் காற்று, 10 டிகிரியை இரண்டாக உணரச் செய்யும். பட்டியலில் உள்ள சராசரி என்னும் எண் இவற்றையெல்லாம் மென்று விழுங்கிவிட்டுச் சாதுவாக நிற்கிறது.

இனி என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குளிரில் நடுங்குவோர் எங்கே மிகுதி? பின்லாந்தில் என்றும் சுவீடனில் என்றும் நாம் எண்ணுவோம். உண்மை வேறு. தம் வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்துக்கொள்ள இயலவில்லை என்று கூறியவர்கள், ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 20.8 விழுக்காடு. ஒன்றியத்திலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. ஒன்றியச் சராசரி 10.6, பின்லாந்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது, விளம்பரத்தாள்கள் ‘இதமான குளிர்’ என்று அழைக்கும் நாட்டில் ஐவரில் ஒருவர் குளிரில் ஒடுங்கிக் கிடக்கிறார்! 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதனினும் துயரமானது. 14 ஐரோப்பிய நாடுகளில் 1988 முதல் 1997 வரை குளிர்கால மாதங்களில் மற்ற மாதங்களைவிடச் சாவு எவ்வளவு மிகுகிறது என்று அது கணக்கிட்டது. பின்லாந்தில் 10 விழுக்காடு மிகுதி, ஸ்பெயினில் 21, போர்ச்சுகலில் 28. உறைபனி நாட்டில் குறைவாகவும் ஆரஞ்சு பழுக்கும் நாட்டில் கூடுதலாகவும் குளிர் மனிதரைக் கொல்கிறது.

இது ஏன்? வீடுதான் காரணம். ஓட்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, வெயிலை மறைக்கும் சன்னல் கதவு: எல்லாம் கோடையை வெல்லக் கட்டியவை. நம் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை சித்திரையில் சுகமானது. மார்கழி விடியலில் அதில் வெறுங்கால் வைத்துப் பாருங்கள். அங்கே அத்துன்பம் மூன்று மாதம். பல வீடுகளில் நிலையான வெப்ப அமைப்பு இல்லை. இருந்தாலும் மின்கட்டணத்தை எண்ணி இயக்குவதில்லை. தென் ஸ்பெயினில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வட்ட மேசையின் அடியில் கணப்புச் சட்டியை வைத்து, மேசையிலிருந்து தரைவரை கனத்த துணியைத் தொங்கவிட்டு, அதற்குள் கால்களை நீட்டிக் குடும்பமே சுற்றி அமர்ந்திருக்கும். கரி போய் இன்று மின்கணப்பு வந்திருக்கிறது. மேசை அப்படியே இருக்கிறது. அழகிய காட்சிதான். ஆனால் முழங்காலுக்கு மட்டும் கோடை, முதுகுக்குக் குளிர்காலம்.

ஆகவே குளிர்கால விடுமுறைக்கு ஊர் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது வெளியே எத்தனை டிகிரி என்பதன்று. உள்ளே எத்தனை டிகிரி என்பதே. பகலில் ஐந்து மணி நேரம் வெயிலில் நடக்கிறோம். மற்றப் பத்தொன்பது மணி நேரம் கூரைக்கடியில்தானே இருக்கிறோம்? கடல் தெரியும் தனி வீடு, சமையலறை வசதி, பாதி விலை என்று அண்ணன் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். நம் உணவை நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்கும் அதில் ஆசை. நான் வேண்டாம் என்றேன். வெப்ப அமைப்புள்ள, ஆண்டு முழுதும் நடக்கும் விடுதியே வேண்டும் என்றேன்.

நான் அவ்வாறு சொன்னதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. இதைச் சொன்னால் ‘நீ என்ன, ஸ்பெயின் நாட்டுக்காரனுக்கு வக்கீலா?’ என்பார்கள், பரவாயில்லை. விடுமுறைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விட்டால் இலாபம் மிகுதி என்பதால், ஊராருக்கு மாத வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. கனரித் தீவுகளில் வாழ்வோர் 22 இலட்சம். ஆண்டுக்கு வருவோர் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2024 ஏப்ரல் 20 அன்று அத்தீவுகளின் மக்கள் பல்லாயிரவராகத் தெருவில் இறங்கி, இதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று முழங்கினர். அதே ஆண்டு மாலகாவிலும் ஊர்வலம் நடந்தது. வாடகைச் சுற்றுலா வீடுகளின் உரிமங்கள் அனைத்தையும் 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாகப் பார்சலோனா நகராட்சி 2024-இல் அறிவித்தது. விடுதியில் தங்கினால் அம்மாவுக்கு அறை சூடாக இருக்கும். ஒரு குடும்பத்தின் வீடும் நம்மால் பறிபோகாது. இரண்டு நியாயங்களும் ஒரே திசையில் கை காட்டுவது அரிது. காட்டும்போது கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

கனரித் தீவுகளையும் மதேராவையும் பற்றி ஒரு சொல். வெப்பம் மட்டுமே வேண்டுமென்றால் அவற்றை வெல்ல முடியாது. ஆயினும் அவை ஆட்சியால் ஐரோப்பா, அமைப்பால் ஆப்பிரிக்கா. கனரித் தீவுகளில் கிழக்கே உள்ளவை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கின்றன. ஃபுன்ஷாலோ மலைச்சரிவில் படிப்படியாக ஏறிய ஊர்; நல்ல முழங்கால் உள்ளவர்க்கு அது சொர்க்கம். மால்டா மிதமானதே, ஆனால் நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவில் காற்றும் ஈரமும் மிகுதி, மார்புச் சளிக்கு உகந்ததன்று.

அடுத்து, ஊர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரேக்கத்தின் புகழ் பெற்ற தீவுகள் பலவற்றில் நவம்பர் முதல் மார்ச் வரை விடுதிகளில் பெரும்பாலானவை கதவடைத்துவிடும், கப்பல்கள் குறையும். படத்தில் நாம் பார்க்கும் நீலக் கூரைகளும் வெள்ளைச் சுவர்களும் அப்போதும் இருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்குத்தான் தெருத் தெருவாக அலைய வேண்டும். ஊழியர்களுக்கும் அந்த ஐந்து மாதம் வேலையில்லை.

இதற்கு ஸ்பெயின் அரசு கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1985-இல் அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இன்று இம்செர்சோ என்னும் அரசு நிறுவனம் அதை நடத்துகிறது. ஓய்வூதியம் பெறும் முதியோரை, விடுதிகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில், அரசு மானியத்துடன் கடற்கரை ஊர்களுக்கு அனுப்புவதே அத்திட்டம். முதியவருக்குக் கடலும் வெயிலும் துணையும். விடுதிப் பணியாளருக்குக் குளிர்காலத்திலும் கூலி. இன்று ஒரு பருவத்துக்கு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் வழங்கப்படுகின்றன. அரசு தரும் விலை கட்டுப்படியாகவில்லை என்று விடுதி முதலாளிகள் ஆண்டுதோறும் முணுமுணுப்பதும் உண்மையே. ஆனாலும் குளிர்கால வெயிலைச் செல்வரின் சொத்தாக விட்டுவிடாமல், உழைத்து ஓய்ந்தவரின் உரிமையாக்கிய திட்டம் அது. பொருளியல் பிரிவு நண்பர்கள் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினால் நான் முதல் வரிசையில் அமர்வேன்.

இத்திட்டத்தால் குளிரிலும் விளக்கெரியும் ஊர்களில் முதன்மையானது அலிகாந்தே மாவட்டத்துப் பெனிடோர்ம். மீனவர் ஊராக இருந்து, 1956-இல் வகுத்த நகரத் திட்டத்துக்குப் பின் வானளாவிய கட்டடங்களாக வளர்ந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். சீப்பைக் கவிழ்த்து வைத்தது போல் நிற்கும் என்பார்கள். ஆனால் ஜனவரி மாலையில் அதன் கடற்கரைப் பாதையில் கைத்தடியுடன் நடக்கும் தாத்தா பாட்டிகளைப் பற்றிப் படிக்கும்போது, அழகிய ஊரில் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட அழகற்ற ஊரில் எரியும் அடுப்பைப் பார்ப்பது மேல் என்று தோன்றுகிறது.

அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கட்டடக் காடு பிடிக்காது. ஆதலால் நான் தேர்ந்தது அதே கரையில் உள்ள அலிகாந்தே நகரம். சுற்றுலாவுக்கென்று பிறந்த ஊரன்று. துறைமுகமும் சந்தையும் பள்ளிகளும் உள்ள, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊர். டிசம்பரிலும் பகல் ஒன்பதரை மணி நேரம். மழை நாட்கள் சிலவே. 2020 ஜனவரியில் குளோரியா என்ற புயல் அக்கரையைப் புரட்டி எடுத்ததை நான் மறைக்கவில்லை. குறையே இல்லாத கரை உலகில் இல்லை. அங்கிருந்து 20 கிலோமீட்டர் சென்றால் எல்ச்சே. அராபியர் வாய்க்கால் வெட்டி வளர்த்த பேரீச்சந் தோப்பு அங்கே இரண்டு இலட்சம் மரங்களுக்கு மேல் நிற்கிறது. 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. ஐரோப்பாவில் பனைக் குலத்து மரங்களுக்கிடையே நடந்தால் அப்பாவுக்கு ஊர் நினைவு வராமல் போகாது. வடக்கே உள்ள ஹிஹோனா என்னும் சிற்றூரில் வாதுமையையும் தேனையும் காய்ச்சி அச்சில் வார்க்கும் துர்ரோன் என்ற இனிப்பைக் கிறிஸ்துமஸ் காலத்தில் நாடே தின்னும். நம் கடலை மிட்டாய்க்குச் செல்வந்த ஒன்றுவிட்ட அக்காள் எனலாம். அரிசியும் கிடைக்கும். வலென்சியாவின் ஏரிக்கரையிலும் பெகோ சதுப்பிலும் நெல் விளைகிறது. அக்கரையின் சமையலே அரிசியைச் சுற்றியது. இறைச்சியும் மீனும் இல்லாமல் வேண்டுமென்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

அக்கரையில் தெற்கே சென்றால் அல்மேரியா வரும். வானூர்தியிலிருந்து பார்ப்போருக்கு நிலம் வெள்ளையாகத் தெரியும். பனியன்று, 30,000 ஹெக்டேருக்கும் மேல் விரித்த நெகிழித் தாள் கூடாரம். ஹாம்பர்க் கடையில் ஜனவரியில் கிடைக்கும் தக்காளியும் குடைமிளகாயும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஸ்பெயின் கூடாரங்களிலிருந்தே வருகின்றன. உள்ளே உழைப்போரில் பலர் மொராக்கோவிலிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். நிஹார் வட்டாரத்தில் அவர்களில் பலர் அட்டையும் நெகிழியும் வேய்ந்த குடிசைகளில் உறங்குகிறார்கள். அதே 17 டிகிரி, அதே கரை. அவர்களுக்கு அறையில் வெப்பமூட்டி உண்டா என்று கேட்பாரில்லை.

அண்ணனுக்கு எழுதிய மறுமொழியில் இவ்வளவையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் படித்திருக்க மாட்டார். நான்கு செய்திகளை மட்டும் எழுதினேன். ஜெர்மனிக்கு எடுக்கும் சுற்றுலா விசாவிலேயே ஸ்பெயினுக்கும் செல்லலாம், தனியே எடுக்க வேண்டாம். விடுதியில் வெப்பமூட்டி உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இரவு முழுதும் இயங்குமா, குறித்த நேரத்துக்கு மட்டுமா என்றும் கேட்க வேண்டும். வடக்கு நோக்கிய கடல் காட்சி அறையைவிடத் தெற்கு நோக்கிய தெருக் காட்சி அறை மேல். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள். அங்கே குழந்தைகள் பரிசு பெறும் நாள் அதுவே. கடைகள் அடைத்திருக்கும், முந்தைய நாளே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடலாம்.

அம்மாவுக்கு மட்டும் தனியே சொன்னேன்: கம்பளிக் காலுறை இரண்டு சோடி எடுத்துக்கொள்ளுங்கள், விடுதியிலும் தரை ஓட்டுத் தரையாகத்தான் இருக்கும்.